காலை ஏழு மணிக்கு உதவும் வழிகாட்டல்

(ரொறன்ரோவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சில தவிர்க்கப்பட்டுள்ளன.)



'பெருந்தொற்றும் முதியோரும்' என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். பரந்த தலைப்பு. அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன்; பெருந்தன்மையோடு தந்தார்கள். முதியோர் இல்லங்களில் இறந்தவர்களைப் பற்றி இந்த நாட்டில் நிறையவே எழுதியாகிவிட்டது. அவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, உணவூட்டி, இரவில் திருப்பிப் படுக்க வைத்தவர்களுக்கு 2020இலும் 2021இலும் நாம் என்ன வழிகாட்டினோம், அது அவர்களுக்கு உதவியதா என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். களம் ஒன்ராறியோ. இந்த மண்டபத்தில் இருக்கும் பலருடைய வீட்டில் ஒருவராவது அந்த வேலை செய்கிறார் என்பதால் வேறு களம் தேடிப் போகவில்லை.

அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் அப்போது 626 நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள், அவற்றில் ஏறத்தாழ 78,000 பேர். நீதிபதி ஃபிராங்க் மரோக்கோ தலைமையிலான விசாரணை ஆணையம் 2021 ஏப்ரல் இறுதியில் அறிக்கை தந்தபோது, அந்த இல்லங்களில் கிட்டத்தட்ட 4,000 முதியவர்களும் 11 பணியாளர்களும் கோவிட்டால் இறந்திருந்தார்கள். முதல் அலையில் கனடாவின் கோவிட் மரணங்களில் 81 சதவீதம் நீண்டகாலப் பராமரிப்பில் இருந்தவர்களுடையவை. மற்றப் பணக்கார நாடுகளின் சராசரி 38 சதவீதம். இதைக் கனடா சுகாதாரத் தகவல் நிறுவனமே 2020 ஜூனில் வெளியிட்டது.

நான் சொல்ல வந்த கருத்து ஒன்றுதான். ஒரு வழிகாட்டல் நல்லதா என்பதை அதிலுள்ள அறிவியலை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. காலை ஏழு மணிக்கு வேலையைப் பொறுப்பேற்கும் ஒரு பி.எஸ்.டபிள்யூ. (தனிநபர் ஆதரவுப் பணியாளர்), தன் கையிலிருக்கும் நேரத்தையும் பொருளையும் கூலியையும் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாது என்றால் அந்தத் தாள் அவருக்கு உதவவில்லை. பிறகு விசாரணை வரும்போது, 'நாங்கள் சொன்னோம், அவர்கள் செய்யவில்லை' என்று கைகழுவ எழுதியவருக்கு உதவுகிறது. இதைச் சில கூறுகளாகப் பார்ப்போம்.

1. தெரியாமல் நடந்ததல்ல

2003இல் சார்ஸ் வந்தபோது அதன் மையம் இதே நகரின் ஸ்காபரோவில் இருந்த ஒரு வைத்தியசாலை. மாகாணத்தில் 44 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் தாதியர், ஒருவர் வைத்தியர். அதை விசாரித்த நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் தன் இறுதி அறிக்கையில் வலியுறுத்தியது முன்னெச்சரிக்கைக் கோட்பாடு: ஆபத்தைக் குறைக்கும் நியாயமான முயற்சிக்கு அறிவியல் முழு நிச்சயம் தரும்வரை காத்திருக்கக் கூடாது. சார்ஸுக்குப் பிறகு மாகாணம் 5 கோடிக்கும் மேற்பட்ட என்95 முகக்கவசங்களை வாங்கிச் சேமித்தது. அவை காலாவதியாயின. பெரும்பகுதி அழிக்கப்பட்டது. அந்த இடம் உரியபடி நிரப்பப்படவில்லை.

அடுத்த எச்சரிக்கை அமெரிக்காவிலிருந்து வந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் கிர்க்லண்ட் நகரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் 2020 பெப்ரவரி இறுதியில் தொற்று உறுதியானது. மார்ச் நடுப்பகுதிக்குள் 101 முதியவர்களுக்கும் 50 பணியாளர்களுக்கும் தொற்றியிருந்தது. 34 முதியவர்கள் இறந்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் காரணங்களை அந்த மாதமே அச்சிட்டார்கள். பணியாளர்கள் சுகவீனத்தோடு வேலைக்கு வந்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை செய்தார்கள். பாதுகாப்பு உடைகள் போதவில்லை. இருந்தவற்றை அணியும் பழக்கமும் போதவில்லை. பரிசோதனை வசதி குறைவாக இருந்தது, நோயைக் கண்டுகொள்ளத் தாமதமானது. இந்தப் பட்டியலில் எவ்வளவு பகுதி கிருமியைப் பற்றியது, எவ்வளவு பகுதி வேலை நிலைமையைப் பற்றியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2. 'சுகமில்லையென்றால் வீட்டில் இருங்கள்'

உலகெங்கும் எல்லா வழிகாட்டல்களிலும் இருந்த வரி இது. அறிவியலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒன்ராறியோவில் அதற்குச் சற்று முன்புதான், 2018இல், ஊழியர்களுக்குச் சட்டப்படி இருந்த சம்பளத்துடன் கூடிய இரண்டு நாள் விடுப்பு நீக்கப்பட்டிருந்தது. சட்டப்படி எஞ்சியது மூன்று நாள் சுகவீன விடுப்பு, அதுவும் சம்பளமில்லாமல். பகுதிநேரமாக வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குத் தொண்டை கரகரக்கிறது. காய்ச்சல் இல்லை. வீட்டில் இருந்தால் வாடகைப் பணத்தில் கை வைக்க வேண்டும். வேலைக்குப் போனால் வாசலில் கேள்வித்தாள். அவர் அந்தத் தாளில் என்ன எழுதுவார் என்பது அதைத் தயாரித்தவர்களுக்குத் தெரியாதா?

இரண்டு இல்லங்களில் வேலை செய்வதும் இதே கதை. முழுநேர வேலை தந்தால் சலுகைகள் தர வேண்டும். ஆகவே இங்கே 20 மணித்தியாலம், அங்கே 20 மணித்தியாலம். யாரும் ஆசைப்பட்டு இரண்டு பஸ் மாறி இரண்டாவது இல்லத்துக்கு ஓடுவதில்லை. இந்த இடத்தில் இரண்டு மாகாணங்களை ஒப்பிடலாம். பிரிட்டிஷ் கொலம்பியா மார்ச் இறுதியிலேயே ஒருவர் ஓர் இல்லத்தில் மட்டும் வேலை செய்யும் ஏற்பாட்டுக்குப் போனது. கூலியை எல்லா இல்லங்களிலும் உயர்ந்த மட்டத்துக்குச் சமப்படுத்தி, முழுநேர மணித்தியாலங்களையும் தர முன்வந்தது. ஒன்ராறியோவின் கட்டளை ஏப்ரல் 14இல் அறிவிக்கப்பட்டு 22இல் நடைமுறைக்கு வந்தது. தற்காலிக முகவர் நிறுவனங்கள் அனுப்பும் பணியாளர்கள் அதில் அடங்கவில்லை. அதாவது, ஆள் பற்றாக்குறை வந்து முகவர் நிறுவனத்தை அழைக்கும் இல்லத்தில், கதவை மூடிவிட்டு யன்னலைத் திறந்து வைத்தார்கள். மணித்தியாலத்துக்கு நான்கு டொலர் கூடுதல் ஊதியம் ஏப்ரல் 25இல் அறிவிக்கப்பட்டது, ஓகஸ்ட் நடுப்பகுதியில் நின்றது, ஒக்டோபரில் பி.எஸ்.டபிள்யூ.க்களுக்கு மூன்று டொலராகத் திரும்ப வந்தது. சம்பளத்துடன் மூன்று நாள் விடுப்பு 2021 ஏப்ரலில்தான் கிடைத்தது. அதற்குள் இரண்டு அலைகள் போய்விட்டன. முதல் அலை நாட்களில் மாலை 7.30க்கு நாம் பல்கனிகளில் நின்று அவர்களுக்கு நன்றி என்று பாத்திரம் தட்டிக்கொண்டிருந்தோம்.

இங்கிலாந்தில் 5,000க்கும் மேற்பட்ட இல்லங்கள் பதிலளித்த விவால்டி ஆய்வு 2020 ஜூலையில் வெளிவந்தது. பணியாளர்களுக்குச் சுகவீனக் காலச் சம்பளம் கிடைத்த இல்லங்களில் முதியவர்களுக்குத் தொற்று குறைவாக இருந்தது. தற்காலிக ஆட்களை அடிக்கடி அழைத்த இல்லங்களில் கூடுதலாக இருந்தது. சம்பளச் சீட்டும் தொற்றுத் தடுப்புக் கருவிதான் என்று நான் வகுப்பில் சொன்னால் மருத்துவ மாணவர்கள் சிரிப்பார்கள். இந்த ஆய்வைக் காட்டினால் சிரிப்பு நின்றுவிடும்.

3. பத்துப் பேர், தொண்ணூறு நிமிடம்

இனி நடைமுறைக்கு வருவோம். அணியும் ஒழுங்கு உங்களுக்கு மனப்பாடம்: கை சுத்தம், மேலங்கி, முகக்கவசம், கண்காப்பு, கடைசியில் கையுறை. கழற்றும் ஒழுங்கு: கையுறை, மேலங்கி, பிறகு கை சுத்தம், கண்காப்பு, முகக்கவசம், மறுபடியும் கை சுத்தம். ஒவ்வொரு முறையும் கைதேய்ப்புத் திரவத்தைக் குறைந்தது 15 விநாடி தேய்க்க வேண்டும். கழற்றும்போதுதான் ஆபத்து அதிகம், ஏனென்றால் மேலங்கியின் முன்புறமும் கையுறையும் அசுத்தம். களைப்பில் கை தானாக முகத்துக்குப் போகும்.

இதை மணிக்கூட்டோடு வைத்துப் பாருங்கள். காலை 7 மணிக்கு ஒரு பி.எஸ்.டபிள்யூ.யின் பொறுப்பில் 10 பேர். காலை உணவு 8.30க்கு. ஒருவருக்கு 9 நிமிடம். பாதுகாப்பு உடையை நிதானமாக அணிந்து கழற்ற 3 நிமிடம் என்று வைத்தால், முகம் கழுவி, பல் துலக்கி, உள்ளாடை மாற்றி, உடை உடுத்திச் சக்கர நாற்காலியில் உட்கார்த்த 6 நிமிடம் மிச்சம். கை நடுங்கும் 88 வயதுக்காரருக்குச் சட்டைப் பொத்தான் போட மட்டுமே அது போதாது. ஆகவே என்ன நடக்கும்? மேலங்கி மாறாது. ஒரே கையுறையோடு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். பிடிபட்டால் எச்சரிக்கைக் கடிதம்.

இராணுவம் ஒன்ராறியோவின் ஐந்து இல்லங்களுக்குள் போய்ப் பார்த்து 2020 மே மாதம் தந்த அறிக்கை நினைவிருக்கும். கரப்பான் பூச்சியும் அழுகிய உணவும்தான் தலைப்புச் செய்தியாயின. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. தேவையான பொருட்கள் பூட்டுக்குள் இருந்தன, வேலை செய்பவர் கைக்கு எட்டவில்லை. செலவாகிவிடும் என்று பயந்து பொருளைப் பயன்படுத்தத் தயங்கும் மனநிலை சில இடங்களில் ஊறிப்போயிருந்தது என்று படையினர் எழுதியிருந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அறிமுகப் பயிற்சி இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். 'ஒவ்வொரு முறையும் மேலங்கி மாற்றுக' என்று சுவரில் ஒட்டிவிட்டு, மேலங்கிப் பெட்டியின் சாவியை மேலாளரின் மேசைக்குள் வைத்திருந்தால் அந்த ஒட்டுத்தாளுக்கு என்ன பொருள்?

உதவக்கூடிய வழிகாட்டல் எப்படி இருக்கும்? காலை உணவை அறைக்கே கொடு, அல்லது ஒன்பதரைக்குத் தள்ளு என்று மேலாளருக்குச் சொல்லும். தொற்றில்லாதவர்களை முதலில், தொடர்புக்குள்ளானவர்களை அடுத்து, நோயாளர்களைக் கடைசியில் கவனிக்கும்படி வரிசை போடும். கதவு வாசலில் உள்ள வண்டியை நிரப்புவது யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு என்று எழுதும். கழற்றும் இடத்தில் இன்னொருவர் நின்று 'முகத்தைத் தொடாதே' என்று நினைவூட்ட ஆள் ஒதுக்கும். கையுறை கை சுத்தத்துக்குப் பதிலாகாது, நடைபாதையில் கையுறையோடு நடக்க வேண்டாம் என்று சொல்லும். நான்கைந்து வரிகள். ஆனால் ஒவ்வொரு வரியின் பின்னும் ஒருவர் செலவு செய்ய வேண்டும்.

4. கட்டடம், பாரந்தூக்கி, நடமாடும் மனிதர்

'நோயாளரைத் தனிமைப்படுத்துக.' எங்கே? 1972ஆம் ஆண்டு அளவுகோலில் கட்டிய பழைய இல்லங்களில் ஓர் அறையில் நான்கு கட்டில், ஒரு கழிப்பறை, நடுவில் திரைச்சீலை. ஒன்ராறியோ இல்லங்களை ஆராய்ந்து 2020 நவம்பரில் வெளிவந்த கட்டுரை ஒன்று, நெரிசல் அதிகமான இல்லங்களில் 9.7 சதவீத முதியவர்களுக்கும் குறைவானவற்றில் 4.5 சதவீதத்தினருக்கும் தொற்றியதைக் காட்டியது. இறப்பிலும் வித்தியாசம் அப்படியே இரட்டிப்பு. ஓர் அறையில் இருவருக்கு மேல் புதிதாகச் சேர்க்கக் கூடாது என்ற விதி 2020 ஜூனில் வந்தது.

'ஒருவர் மட்டும் அறைக்குள் போகவும்' என்றார்கள். கட்டிலிலிருந்து எழ முடியாதவரைப் பாரந்தூக்கியால் தூக்க இரண்டு பேர் வேண்டும். அது இல்லங்களின் பாதுகாப்பு விதி. ஒருவர் தூக்கினால் அந்த விதியை மீறுகிறார், இருவர் போனால் இந்த விதியை மீறுகிறார்கள். இரண்டு தாள்களையும் ஒரே கையால் கொடுத்த அலுவலகம் இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கவில்லை.

மறதி நோய் உள்ளவரை அறைக்குள் இருக்கச் சொன்னால் அவர் இருக்கமாட்டார். வாசலில் சிவப்புப் பலகை வைத்தாலும் அவருக்கு அது பலகைதான். நம் முதியவர்களில் பலர் அந்த நோயில் ஆங்கிலத்தை இழந்துவிடுகிறார்கள். முகக்கவசம் போட்டு முகம் மறைத்த ஒருவர் ஆங்கிலத்தில் 'உள்ளே போங்கள்' என்றால் பயந்து கை ஓங்குகிறார். கட்டிப்போடுவது தீர்வாகாது. அவரோடு நடக்க நேரம் ஒதுக்குங்கள். நடக்கும் வழியில் கைப்பிடிகளைத் துடையுங்கள். அவர் கையைச் சுத்தம் செய்யுங்கள். மடிக்க ஒரு துவாயைக் கொடுங்கள். உங்கள் படத்தையும் பெயரையும் பெரிதாக நெஞ்சில் குத்திக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்தவர் அந்தத் தளத்தில் இருந்தால் அவரை அந்த அறைக்கு விடுங்கள். பணியாளர்கள் இவற்றைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். கையேடுகளில் இவை பிறகுதான் ஏறின.

5. நோயை முதலில் காண்பவர்

ஆரம்ப மாதங்களில் கேட்ட கேள்வி காய்ச்சலும் இருமலும். வெப்பமானியில் 37.8 பாகை. முதியவர்களுக்குக் காய்ச்சல் வராமலே நோய் முற்றலாம். சாப்பாட்டை ஒதுக்குவார், விழுவார், திடீரென்று குழம்பிப் பேசுவார், நேற்று நடந்தவர் இன்று எழும்பமாட்டார். அமெரிக்காவில் ஓர் இல்லத்தில் 76 பேரைப் பரிசோதித்தபோது 48 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் 27 பேருக்குப் பரிசோதித்த நேரத்தில் எந்த அறிகுறியும் இல்லை. வழிகாட்டலின் பட்டியலில் பின்னர் குழப்பமும் விழுதலும் சேர்க்கப்பட்டன. நல்லது.

ஆனால் பட்டியலை நீட்டினால் போதாது. 'அம்மா இண்டைக்கு ஒரு மாதிரி இருக்கிறா' என்று ஒரு பி.எஸ்.டபிள்யூ. சொல்வதுதான் பல இடங்களில் முதல் நோயறிதல். அவருக்கு அந்த அம்மா தேநீருக்கு எத்தனை சீனி போடுவார் என்று தெரியும். அதைச் சொன்னால் தாதி கேட்பாரா, கேட்டால் எழுதுவாரா, எழுதினால் வைத்தியர் அன்றே பார்ப்பாரா? அந்தச் சங்கிலியை வழிகாட்டல் கட்ட வேண்டும். 'பணியாளர் மாற்றம் கண்டால் அதே மணித்தியாலத்தில் பதிவு, அதே நாளில் பரிசோதனை' என்ற ஒரு வரி, பத்துப் பக்க அறிகுறி விளக்கத்தைவிடப் பெறுமதியானது.

6. வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

மார்ச் நடுப்பகுதியில் பார்வையாளர்கள் தடுக்கப்பட்டார்கள். தினமும் மத்தியானம் வந்து அப்பாவுக்கு ஊட்டிவிட்ட மகளும் பார்வையாளர் கணக்கில்தான் அடங்கினார். அவர் ஊட்டிய உணவை இனி யார் ஊட்டுவது என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. அது பணியாளர் தலையில் விழுந்தது. குடும்பப் பராமரிப்பாளர்களைத் தனி வகையாக ஏற்று உள்ளே விட இலையுதிர் காலம் வரை ஆனது. இவர்களுக்கு அணியவும் கழற்றவும் பழக்கியிருந்தால் ஏப்ரலில் நூற்றுக்கணக்கான கைகள் கிடைத்திருக்கும் என்பது என் தீர்மானமான கருத்து.

7. தாள் எப்படி எழுதப்பட்டது

ஒன்ராறியோவின் தலைமை மருத்துவ அதிகாரி இல்லங்களுக்கு விடுத்த மூன்றாம் இலக்கக் கட்டளை பலமுறை திருத்தப்பட்டது. அறிவு வளரும்போது திருத்தத்தான் வேண்டும். அதைக் குறை சொல்லமாட்டேன். எல்லாப் பணியாளர்களும் முகக்கவசம் அணிய வேண்டும் என்ற விதியே ஏப்ரல் 8ஆம் திகதித் திருத்தத்தில்தான் வந்தது. ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்பதை நீண்ட சட்ட ஆங்கிலத்தில் தேடிப் பிடிக்கும் வேலையை யார் செய்வது? இரவு 11 மணிக்கு வருபவருக்கு மின்னஞ்சல் பார்க்க வேலைக் கணினியும் இல்லை.

மாறியது மட்டும், ஒரு பக்கத்தில், மேலே பெரிய எழுத்தில் திகதியோடு, உடை மாற்றும் அறையில் இருக்க வேண்டும். வேலை மாறும் நேரத்தில் ஐந்து நிமிடம் நின்று வாசித்துக் கேள்வி கேட்க விட வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். வெளியிடும் முன்பு மூன்று பி.எஸ்.டபிள்யூ.க்களிடம் கொடுத்து 'இதை நாளைக்குச் செய்ய முடியுமா?' என்று கேட்டால் பாதித் தவறு அன்றே வெளிப்படும். அப்படிக் கேட்பதற்கு விஞ்ஞானக் குழு வேண்டியதில்லை.

படிப்பிப்பவரும் இல்லத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். முதல் அலையில் வைத்தியசாலைக் குழுக்கள் உள்ளே போய்ப் பணியாளர்களோடு பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்த இடங்களில் நிலைமை தேறியது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் கீழ் ஒவ்வோர் இல்லத்துக்கும் தொற்றுத் தடுப்புப் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். 69க்கு மேல், ஆனால் 200க்குக் குறைவான கட்டில்கள் உள்ள இல்லத்தில் அவர் வாரத்துக்குக் குறைந்தது 26.25 மணித்தியாலம் அந்தப் பணியை அங்கே நின்று செய்ய வேண்டும். நேரடிப் பராமரிப்பு நேரத்தையும் சராசரி 2 மணி 45 நிமிடத்திலிருந்து 4 மணித்தியாலமாக உயர்த்தும் இலக்கு சட்டத்தில் ஏறியிருக்கிறது. நான் மேலே போட்ட தொண்ணூறு நிமிடக் கணக்கை மாற்றக்கூடியது இந்த இரண்டாவது விதிதான். சட்டத்தில் இருப்பது தளத்தில் நடக்கிறதா என்பதைத் தளத்தில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும்.

அதனால் இங்கிருக்கும் பணியாளர்களிடமும், அம்மாவையோ அப்பாவையோ இல்லத்தில் விட்டிருக்கும் பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்தின் தொற்றுத் தடுப்புப் பொறுப்பாளர் யார், சனி ஞாயிறில் அவருக்குப் பதில் யார், மேலங்கி எத்தனை நாளைக்குக் கையிருப்பு, சாவி யாரிடம், சுகவீனமாய் வீட்டில் நின்றவருக்குச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். அடுத்த தொற்று வரும்வரை பொறுக்க வேண்டாம். தனியாகக் கேட்கத் தயக்கம் இருந்தால் குடும்பத்தார் மன்றத்தின் வழியாகக் கேளுங்கள். மன்றம் எழுப்பும் குறைக்கு இல்ல நிர்வாகம் 10 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது ஒன்ராறியோவின் சட்டம்.